கூடிச் செபித்த கடற்கரை

யூபிலி ஆண்டில், நம் கோவிலின் சுவர்களையும் கோபுரத்தையும் எழுப்பியவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அச்சுவர்களுக்குள் ஒலிக்கும் செபம் நம் மக்களிடையே வேரூன்றிய விதத்தையும் நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். அதற்கு முத்துக்குளித்துறையின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு.

1535 முதல் 1537 வரை தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய கடற்கரை ஊர்களில் சுமார் 20,000 பரதவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். ஆனால் அவர்களோடு தங்கியிருந்து போதிக்கக் குருக்கள் இல்லை. 1542இல் புனித சவேரியார் வந்து, "நீங்கள் எதை விசுவசிக்கிறீர்கள்?" எனக் கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. ஆகவே இருமொழியும் அறிந்த சிலரைக் கூட்டிவைத்து, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை செபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் அமைத்தார். அதில் பிழையும் நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. 1544இல் தம் துணைவர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் சொன்னார். இவ்வாறு இக்கரையின் செபங்கள் தொடக்கத்திலேயே பலர் கூடிச் செய்த முயற்சியாயின.

கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று, நாளுக்கு இருமுறை சிறுவர்களைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுத்தார் சவேரியார். கற்றதைத் தாய் தந்தையர்க்கும் வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பதே அச்சிறுவர்க்கு அவர் இட்ட கட்டளை. ஞாயிறுதோறும் ஆண், பெண், சிறுவர், சிறுமியர் யாவரும் ஒன்றுகூடினர். அவர் முன் சொல்ல, எல்லாரும் பின் சொன்னார்கள். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும், இதை விசுவசிக்கிறீர்களா என்று அவர் கேட்க, மக்கள் மார்பின்மேல் கைகளைச் சிலுவையாக மடித்து, உரத்த குரலில் ஆம் என்றனர்.

நோயாளிகள் பலர் அழைத்தபோது எல்லா வீடுகளுக்கும் அவரால் செல்ல இயலவில்லை. செபம் அறிந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அயலாரையும் கூட்டிச் செபித்தனர். நேற்றுக் கற்றவன் இன்று பிறர்க்காகச் செபிக்கிறான்! தனியே மனப்பாடம் செய்தவனுக்கு இந்த வளர்ச்சி எளிதில் வாய்ப்பதில்லை. அடுத்தவரின் துன்பத்தைத் தன் செபத்தில் சுமக்கும்போதுதான் வாயளவில் கற்ற வார்த்தை இதயத்தில் இறங்குகிறது.

ஓர் ஊரைவிட்டுச் செல்லும்போது செபங்களை எழுதிவைத்து, மக்களைக் கூட்டிச் செபிக்கக் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமித்துச் சென்றார். அவருக்குப் பின் அண்டிரிக் அடிகளார் இக்கரையில் நெடுங்காலம் உழைத்து, 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூலை 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சிடச் செய்தார்.

சோதனையும் வந்தது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. கத்தோலிக்க வழிபாட்டிற்குத் தடைகள் எழுந்தன. சீர்திருத்த சபையின் போதகரும் வந்து மக்களை அழைத்தார். ஆயினும் பரதவ மக்கள் தங்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை. ஒரு நூறாண்டுக்கு மேலாகத் தாய்மடியிலும் தெருவிலும் கோவிலிலும் கூடிச் சொல்லிய செபத்தை அவர்களிடமிருந்து யார் பறிக்க முடியும்?

அன்பார்ந்த பங்கு மக்களே! இன்று நம்மிடம் செபப் புத்தகங்களுக்குக் குறைவில்லை; கூடுவதற்குத்தான் நேரம் குறைந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடும் இடத்தில் தாம் இருப்பதாக ஆண்டவர் வாக்களித்துள்ளார். இந்த யூபிலி ஆண்டில் மாலைதோறும் வீட்டார் அனைவரும் சேர்ந்து செபமாலை சொல்வோம். அடுத்த வீட்டு நோயாளியின் கட்டிலருகே, நம் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று செபிப்போம். வருங்கால யூபிலிக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்து அதுவே.