டில்டே போட்ட ஃபைல்கள்: பேக்கப் குப்பையைக் கூட்டப் போனவர்களின் ஐம்பது வருஷக் கதை

உங்க லேப்டாப்ல ஏதாவது ஒரு பழைய புராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து பாருங்க. 'ரிப்போர்ட்', 'ரிப்போர்ட் ஃபைனல்', 'ரிப்போர்ட் ஃபைனல் 2'ன்னு ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். கோட் எழுதுறவங்க ஃபோல்டர்னா, பேரோட கடைசியில ~ குறி போட்ட ஃபைல்கள் இருக்கும். ஆட்டோகேட்ல வரையுறவங்கன்னா, ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்துலயும் ஒரு டாட் பேக் ஃபைல் இருக்கும். இதையெல்லாம் உருவாக்கியது யாரு? அதைவிட முக்கியம், இதைத் துடைச்சு எடுக்கணும்னு நினைக்கும்போது ஏன் கை ஒரு நிமிஷம் தயங்குது? அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

பிரச்சினையோட வேர் ரொம்ப எளிமையானது. ஒரு ஃபைலைத் திருத்தி அதே பேர்ல சேவ் பண்ணினா, பழைய உள்ளடக்கம் போயிடும். நேத்து எழுதினதுதான் நல்லா இருந்ததுன்னு இன்னைக்குத் தோணினா ஒண்ணும் பண்ண முடியாது. அப்போ பழையதை யாராவது எடுத்து வைக்கணும். யார் வைப்பாங்க? 1970-களில் இதுக்கு ரெண்டு பதில்கள் வந்தன.

முதல் பதில்: கணினியே வைக்கட்டும். 1977-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனம் வேக்ஸ் என்ற கணினியையும், அதுக்கான வி.எம்.எஸ். என்ற இயங்குதளத்தையும் அறிமுகப்படுத்தியது. அதுல ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாடியும் ஒரு அரைப்புள்ளி, ஒரு எண். முதல் தடவை சேவ் பண்ணினா 1, திருத்தி சேவ் பண்ணினா 2, அப்புறம் 3. பழையது எதுவும் தானா அழியாது. கேட்க சொர்க்கம் மாதிரி இருக்கு இல்லையா? ஆனா ஒரு நாள்ல இருபது தடவை சேவ் பண்ணினா இருபது ஃபைல்கள். அன்னைக்கு டிஸ்க் இடம் தங்கம் மாதிரி. அதனால வி.எம்.எஸ்.லயே 'பர்ஜ்' என்று ஒரு கட்டளை இருந்தது. கடைசி வெர்ஷனை மட்டும் விட்டுட்டு மற்றதை எல்லாம் துடைச்சிடும். கடைசி மூணை வச்சுக்கோன்னு சொன்னா மூணை வைக்கும். சேர்த்து வைக்கிற வேலை, கூட்டிப் பெருக்குற வேலை ரெண்டையும் ஒரே வீட்டுக்காரர் பார்த்துக்கிட்டார்.

ரெண்டாவது பதில், பெல் லேப்ஸ்ல 1969-ல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ். அதுல வெர்ஷன் எண்ணே கிடையாது. சேவ் பண்ணினா பழையது போச்சு. எல்லாத்தையும் சின்னதா, எளிமையா வைக்கணும்ங்கிறது அவங்க கொள்கை. அதனால பழையதைக் காப்பாத்துற பொறுப்பு, எழுதுற மென்பொருளோட தலையில விழுந்தது.

நம்ம டில்டே இங்கதான் வருது. எமாக்ஸ் என்ற எடிட்டர் 1976-ல் எம்.ஐ.டி.யில் பிறந்தது. அது பிறந்த கணினியில ஃபைல்களுக்கு வெர்ஷன் எண் இருந்தது. 1980-களில் ரிச்சர்ட் ஸ்டால்மன் யூனிக்ஸுக்காக குனூ எமாக்ஸை எழுதினப்போ, அங்க அந்த வசதி இல்லை. எடிட்டரே அந்த வேலையைச் செய்தது. நீங்க ஒரு ஃபைலைத் திறந்து முதல் தடவை சேவ் பண்ணும்போது, பழைய பிரதியை அதே பேரோட கடைசியில ஒரு ~ சேர்த்து பக்கத்துலயே வச்சிடும். யூனிக்ஸ், லினக்ஸ் உலகத்துல அந்தக் குறி இன்னைக்கும் உயிரோட இருக்கு.

பர்சனல் கம்ப்யூட்டர் பக்கமும் இதே கதைதான். கேரி கில்டால் 1974-ல் எழுதிய சி.பி.எம். இயங்குதளத்தோட எடிட்டர், பழைய பிரதிக்கு டாட் பேக்னு பேர் வச்சது. 1978-ல் வந்த வேர்ட்ஸ்டார் அதையே செய்தது. மைக்ரோசாஃப்ட் டாஸ்ல இருந்த எட்லின் எடிட்டர் இன்னும் ஒரு படி மேல. டாட் பேக் ஃபைலைத் திருத்தப் போனா, முடியாதுன்னு மறுத்திடும். முதல்ல பேரை மாத்து, அப்புறம் தொடுன்னு சொல்லும். காப்பாத்தி வச்சதை நீங்களே கெடுத்துடக் கூடாதுன்னு ஒரு எச்சரிக்கை.

ஆனா 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யோட ஃபிளாப்பியில மொத்த இடமே 160 கிலோபைட். இன்னைக்கு வாட்ஸ்அப்ல வர்ற ஒரு சாதாரண போட்டோ அதைவிடப் பெருசா இருக்கும். அதுல 50 கிலோபைட்ல ஒரு கடிதத் தொகுப்பும், அதோட 50 கிலோபைட் பேக்கப்பும் இருந்தா, மிச்சம் என்ன இருக்கும்? அதனால டாட் பேக் ஃபைல்களை மொத்தமா அழிக்கிறது ஆபீஸ்ல தினசரி வேலை ஆச்சு. அழிச்சதுல தப்பு நடந்தா? டாஸ் ஒரு ஃபைலை உண்மையில் உடனே அழிக்காது. பட்டியல்ல அதோட பேர்ல முதல் எழுத்தை மட்டும் மாத்திட்டு, 'இந்த இடம் காலி'ன்னு குறிச்சு வைக்கும். பீட்டர் நார்ட்டன் 1982-ல் விற்ற மென்பொருள் இதைத்தான் பயன்படுத்தியது. 'முதல் எழுத்து என்ன?'ன்னு கேட்டு, ஃபைலைத் திருப்பிக் கொடுக்கும். அந்த இடத்துல வேற எதுவும் எழுதப்படாம இருக்கணும், அவ்வளவுதான்.

யூனிக்ஸ்ல அந்தக் கருணை இல்லை. 'ஆர்.எம்.' என்ற ரெண்டெழுத்துக் கட்டளை கொடுத்தா ஃபைல் போச்சு. குப்பைத் தொட்டி, மறுபரிசீலனை எதுவும் கிடையாது. டில்டே ஃபைல்களை மட்டும் அழிக்க, ஆர்.எம். போட்டு, ஒரு நட்சத்திரக் குறி, அதை ஒட்டி டில்டே போடணும். நட்சத்திரம்னா 'என்ன பேரா இருந்தாலும்'. ஒட்டி டில்டே வந்தா 'கடைசியில டில்டே இருக்கிறதெல்லாம்'. நட்சத்திரத்துக்கும் டில்டேக்கும் நடுவுல தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்தா? நட்சத்திரம் தனியா நிக்கும். அந்த ஃபோல்டர்ல இருக்கிற எல்லா ஃபைலும் காலி. பேக்கப்பும் போச்சு, அசலும் போச்சு. குப்பையைக் கூட்டப் போய் வீட்டையே கூட்டித் தள்ளின மாதிரி. எமாக்ஸுக்குள்ள இதுக்கு நல்ல வழி ஒண்ணு உண்டு. ஃபோல்டர் பட்டியல்ல டில்டே விசையை அழுத்தினா, எல்லா பேக்கப் ஃபைலுக்கும் பக்கத்துல ஒரு அடையாளம் மட்டும் விழும். நீங்க கண்ணால பார்த்து, சரின்னு சொன்னாதான் அழியும்.

இந்தக் கட்டளை எவ்வளவு தூரம் போகும்னு பிக்ஸார் நிறுவனம் 1998-ல் பார்த்தது. 'டாய் ஸ்டோரி 2' வேலை நடந்துக்கிட்டு இருந்தது. யாரோ தவறான இடத்துல ஆர்.எம். கட்டளையைக் கொடுத்துட்டாங்க. தொழில்நுட்பக் குழுவில் இருந்த ஓரன் ஜேக்கப், வுடி கதாபாத்திரத்தோட ஃபைல்கள் கண் முன்னாடியே ஒவ்வொண்ணா மறையுறதைப் பார்த்தார். போன் போட்டு, கணினியோட பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். அதுக்குள்ள படத்தோட பெரும்பகுதி போயிடுச்சு. சரி, பேக்கப் இருக்கே? எடுத்துப் பார்த்தா, அது சரியா வேலை செய்யலை. அதை யாரும் அதுவரைக்கும் சோதிச்சுப் பார்க்கலை.

படத்தைக் காப்பாத்தியது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநருக்கு அப்போதான் குழந்தை பிறந்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்க, படத்தோட ஒரு பிரதியை வீட்டுக் கணினியில வச்சிருந்தார். அதைப் போர்வையால சுத்தி, காரோட பின் சீட்ல வச்சு, பதமா ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தாங்க. யோசிச்சுப் பாருங்க: 'தேவையில்லாத பிரதிகளை எல்லாம் அழிங்க'ன்னு ஒரு சுத்தக்காரர் பட்டியல் போட்டிருந்தா, முதல்ல போயிருக்கக்கூடியது அந்த வீட்டுப் பிரதிதான்.

2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்துல நடந்தது இதோட மறுபக்கம். அவங்களிடம் முதன்மை டேட்டாபேஸ் ஒண்ணு, அதோட நகல் ஒண்ணு. நகல் சரியா ஓடலை. ராத்திரி நேரம், களைச்சுப் போன ஒரு இன்ஜினியர், 'நகலோட ஃபோல்டரைத் துடைச்சுட்டு மறுபடி ஆரம்பிப்போம்'னு நினைச்சார். கட்டளை கொடுத்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்ல 4.5 ஜிகாபைட்தான் மிச்சம். தினமும் ஓட வேண்டிய பேக்கப், மென்பொருள் வெர்ஷன் பொருந்தாம ரொம்ப நாளாவே தோத்துக்கிட்டு இருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரலை. வேற ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் தற்செயலா இருந்ததால பிழைச்சாங்க. அந்த ஆறு மணி நேரத்து டேட்டா திரும்பி வரவே இல்லை. பாராட்ட வேண்டிய விஷயம், அவங்க எதையும் மறைக்கலை. மீட்பு வேலையை யூடியூப்ல நேரலையா காட்டினாங்க.

அப்படின்னா எதையும் அழிக்காம விட்டுடலாமா? அதுலயும் ஆபத்து இருக்கு. வெப்சைட்டோட பாஸ்வேர்டு இருக்கிற ஒரு பி.எச்.பி. ஃபைலை சர்வர் எப்பவும் இயக்கும், உள்ளே இருக்கிறதைக் காட்டாது. அதே ஃபைலுக்கு எடிட்டர் ஒரு டில்டே பிரதி போட்டு வச்சிருந்தா? பேர் மாறிட்டதால, பல சர்வர்கள் அதை வெறும் எழுத்தா நினைச்சு, கேட்கிறவங்களுக்கு அப்படியே காட்டிடும். பாஸ்வேர்டைத் தேடுறவங்க முதல்ல தட்டிப் பார்க்கிற கதவுகள்ல இதுவும் ஒண்ணு. ஆக, அழிச்சாலும் ஆபத்து, வச்சாலும் ஆபத்து.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பிச்சது 1972-ல், அதே பெல் லேப்ஸ்ல. மார்க் ராக்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியை எழுதினார். முழுப் பிரதிகளைச் சேர்க்கிறதுக்குப் பதிலா, ஒவ்வொரு தடவையும் என்ன மாறிச்சோ அதை மட்டும், யார், எப்போ, ஏன் மாத்தினாங்கன்னு குறிப்போட சேமிக்கிறது. 1980-களில் வால்டர் டிச்சியோட ஆர்.சி.எஸ்., 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸோட கிட் எல்லாம் அந்த வழியில வந்தவை. பழையது தனியிடத்துல, தேதியோட, காரணத்தோட பத்திரமா இருக்கும்போது, பக்கத்துல கிடக்கிற டில்டே ஃபைல் நிஜமாவே குப்பைதான். அப்பவும் கிட்ல 'கிளீன்'னு ஒரு கட்டளை கொடுத்துப் பாருங்க. வெறுமனே கொடுத்தா அது அழிக்க மறுக்கும். என்னென்ன போகும்னு பட்டியல் மட்டும் காட்டச் சொல்லலாம், இல்லைன்னா அழின்னு அழுத்திச் சொல்லணும். ஐம்பது வருஷத்து அடி அந்த ஒரு மறுப்புல இருக்கு.

இந்த வாரம் உங்க ஃபோல்டரைச் சுத்தம் பண்ணப் போறீங்கன்னா, அழிக்கிறதுக்கு முன்னாடி பட்டியலைப் பாருங்க. எந்தக் கணினியில இருக்கீங்கன்னு பாருங்க. அசலோட நல்ல பிரதி வேற ஒரு இடத்துல இருக்கான்னு பாருங்க. இருந்தா, அதைத் திறந்தும் பாருங்க. பிக்ஸார்லயும் கிட்லேப்லயும் பேக்கப் இருந்தது. தேவைப்படும் வரைக்கும் அதைத் திறந்து பார்க்கத்தான் யாரும் இல்லை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.