மலிவும் தணிக்கையும்: ‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’ படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படங்களைப் பற்றி எழுதும்போது, அந்தச் சிக்கனத்தை ஒரு குறையாகவே கருதுவது திரைப்பட வரலாற்றெழுத்தின் வழக்கம். ஜான் வாட்டர்ஸ் இயக்கிய ‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’ (1972) இவ்வழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. ஏறத்தாழ 12,000 டாலர் செலவில், 16 மி.மீ. படச்சுருளில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படம் இது. உலகிலேயே மிக அருவருப்பானவர் யார் என்னும் போட்டியே கதை. நாயகி டிவைன், அதாவது, பெண் வேடமேற்ற ‘டிராக் குயின்’ கலைஞர் ஹாரிஸ் கிளென் மில்ஸ்டெட் (1945–1988). இப்படத்தின் மலிவே தணிக்கைக்கு வெளியே அது பிழைத்திருக்க இடமளித்தது என்பது என் வாதம்.

பால்டிமோர் அமைந்துள்ள மேரிலாந்து மாநிலத்தில் 1916 முதல் தணிக்கை வாரியம் இயங்கியது. அமெரிக்க மாநில வாரியங்களுள் இறுதிவரை நீடித்ததும் அதுவே. பால்டிமோர் திரையரங்கு உரிமையாளர் ஒருவர் தொடுத்த ‘ஃபிரீட்மன் எதிர் மேரிலாந்து’ வழக்கில், 1965இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வாரியத்தின் நடைமுறை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது; வாரியம் தொடர்ந்தது.

இச்சூழலில் வாட்டர்ஸ் தம் தொடக்ககாலப் படங்களைத் தேவாலய மண்டபங்களை வாடகைக்கு எடுத்துத் திரையிட்டார். வணிகத் திரையரங்குகளைக் கண்காணித்த வாரியத்தின் கை அங்கெல்லாம் நீளவில்லை. ‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’ முதலில் திரையிடப்பட்டதும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில்தான். பெரும் முதலீட்டில் உருவான படமாயின், போட்ட பணத்தை மீட்க நூற்றுக்கணக்கான அரங்குகளும் அவற்றுக்கான உரிமச் சான்றும் தேவைப்பட்டிருக்கும். இப்படத்துக்கோ நியூயார்க்கின் எல்ஜின் அரங்கில் நள்ளிரவுக் காட்சியொன்றே வாழ்வளித்தது.

மலிவு நடிப்பின் இயல்பையும் தீர்மானித்தது. டிவைன் பால்டிமோர் தெருவில் நடந்து செல்லும் காட்சியில் திகைத்துத் திரும்பிப் பார்ப்பவர்கள் துணை நடிகர்கள் அல்லர். அவ்வழியே சென்ற பொதுமக்கள். ‘ஸ்திரீபார்ட்’ மரபை அறிந்த நமக்கு இவ்விடத்தில் ஒரு வேறுபாடு புலப்படும். மராத்தி மேடையின் பால கந்தர்வர் பெண்மையின் இலக்கணமாகவே போற்றப்பட்டார். குடும்பப் பெண்கள் அவருடைய உடையையும் அணிகலனையும் பின்பற்றினர். ஒப்பனைக் கலைஞர் வான் ஸ்மித்தோ, கண்ணொப்பனைக்கு இடம் போதவில்லை என்று டிவைனின் முன்னந்தலை முடியை மழித்தார். முன்னது அழகின் இலட்சியத்தை நிலைநாட்டியது. பின்னது அந்த இலட்சியத்தையே நகைப்புக்குள்ளாக்கியது. இரண்டையும் ‘பெண் வேடம்’ என்னும் ஒரே சொல்லில் அடக்குவது ஆய்வுக்கு உதவாது.

இந்திய ஆய்வாளர்கள் இவ்வரலாற்றைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. 1970இல் கே. ஏ. அப்பாஸ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அமெரிக்கத் தீர்ப்புகளையும் பரிசீலித்தே முன்தணிக்கை செல்லும் என்று முடிவு செய்தது. மேரிலாந்து வாரியம் 1981இல் கலைக்கப்பட்டது, நம்முடையது தொடர்கிறது. ஆகவே, நம் சிறுமுதலீட்டுப் படங்களின் வரலாற்றைச் சான்றிதழ் பெற்றவற்றின் பட்டியலிலிருந்து மட்டும் எழுத முடியாது. கல்லூரி அரங்குகள், திரைப்படச் சங்கங்கள், தனியார் கூடங்கள் ஆகியவற்றின் பதிவுகளையும் தேடியாக வேண்டும்.

‘பிங்க் ஃபிளமிங்கோஸ்’ 2021இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 2023இல், டென்னசி மாநிலம் வேடக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளையும் உள்ளடக்கிய கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது நீதிமன்றம் சென்றது. படச்சுருள் பாதுகாக்கப்படுகிறது, வேடமிட்ட உடல் மீண்டும் வழக்குப் பொருளாகிறது. தணிக்கையின் வரலாறு வாரியங்கள் கலைக்கப்பட்ட நாளோடு முடிந்துவிடுவதில்லை.