கோர்வை

காஞ்சித் தறியில் சேலையின் உடலையும் கரையையும் இணைப்பது கோர்வை. இணைந்தபின்னும் இரண்டும் தத்தம் நிறம் இழப்பதில்லை. இதைக் காணுந்தோறும் பிரிந்த சகோதரர்களின் வரலாறு நம் நினைவில் எழும்.

1919 மே மாதம் தரங்கம்பாடியில், ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா, சந்தியாகோ உள்ளிட்ட 33 பேர் கூடிச் சபைகளின் ஒற்றுமையை வேண்டினர். பேராயர் பதவியே பெருந்தடை. 28 ஆண்டுகள் பேசினர். பேராயரில்லாச் சபைகள் பேராயரை ஏற்றன; ஆங்கிலிக்கன் தரப்போ, பேராயரால் திருநிலைப்படுத்தப்படாத குருக்களை அவ்வாறே ஏற்றது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1945இல் மறைந்த அசரியா அதைக் காணவில்லை.

பங்கில் பிணங்கிய இரு குடும்பங்களிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லி நடந்தோம். நாம் எதை விட்டுக்கொடுத்தோம்? அமைதி செய்வோர் முதலில் கேட்க வேண்டிய வினா அதுவன்றோ!