குழாயும் கண்ணாடியும்: காவிரிப் படுகையில் தெளிவான சத்தத்தின் வரலாறு

1

கல்யாணப் பந்தலில் மைக் செட்காரர் முதலில் கேட்பது ‘நல்லா கேக்குதா?’ என்றுதான். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு தூரம் கேட்கிறது என்பது ஒன்று. சொல்வது விளங்குகிறதா என்பது இன்னொன்று. முதலாவது உரப்பு, இரண்டாவது தெளிவு. காரில் ஸ்டீரியோ மாட்டுகிறவர் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்: ‘சத்தமும் வேணும், பாட்டு கிழியவும் கூடாது.’ இதை வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையாக வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தஞ்சாவூர்ச் சீமையில் உரப்பும் தெளிவும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. யாருடைய ஒலி நாதம், யாருடையது வெறும் சத்தம் என்ற பிரிவினை, மின்சாரம் வருவதற்கு முன்பே இங்கே தெருக்களின் அமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என்று மூன்றாகப் பிளந்து கிடந்த தஞ்சைக் கிராமத்தை ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளிவந்த தன் நூலில் விவரித்திருக்கிறார். அந்தப் பிளவுக்கு ஓர் ஒலி வரைபடமும் உண்டு.

2

பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்று பொருள். அறிவிப்பதற்கென்றே அமைந்த கருவி அது. ஆனால் சேரி மக்கள்மீது சாவுத் தொழிலாகச் சுமத்தப்பட்ட பிறகு அது சொன்னதெல்லாம் ஆதிக்கசாதிக் காதில் சத்தமாக மட்டுமே விழுந்தது. தூரம் அனுமதிக்கப்பட்டது, அர்த்தம் அனுமதிக்கப்படவில்லை. பறையடிக்க மறுப்பது பிற்பாடு போராட்ட வடிவமானதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

நாகசுரத்தின் கதை வேறு. வீதி உலாவுக்கான கருவி என்பதால் அதற்கும் உரப்புதான் முதல் தேவை. குட்டையான திமிரி நாகசுரம் உச்ச சுருதியில் நாலு வீதிக்கும் எட்டும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, சுருதி குறைந்த நீளமான பாரி நாகசுரத்தை நிலைநிறுத்தினார். நரசிங்கன்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. பாரியில் தூரம் கொஞ்சம் குறைகிறது, ராக நுணுக்கம் கூடுகிறது. சபா மேடையும் மைக்கும் வந்துவிட்ட காலத்தில்தான் இந்தப் பேரம் கட்டுப்படியானது என்பது என் வாசிப்பு. தூரத்தைக் கம்பி பார்த்துக்கொள்ளும். வித்வான் தெளிவைப் பார்த்துக்கொள்ளலாம். மிராசுதார் முன்னால் சட்டையில்லாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று வாசித்த மரபை அதே மனிதர்தான் உடைத்தார். இரண்டும் ஒரே கலகத்தின் இரண்டு பக்கங்கள்.

3

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் தங்கள் ஒலிபெருக்கியைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். 1919இல் சான் டியேகோவில் அமெரிக்க அதிபர் வில்சன் அதன்மூலம் சுமார் 50,000 பேரிடம் பேசினார். நம் பக்கத்தில் அதற்குக் குழாய் என்று பெயர். குழாயின் சூட்சுமம் எளிமையானது. சாதாரண ஸ்பீக்கர் தனக்கு வருகிற மின்சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும், மீதி சூடாகப் போய்விடும். கூம்பு வாய் அந்தச் சிறிய அதிர்வைக் காற்றோடு பொருத்திக் கொடுப்பதால் பத்து பங்கோ அதற்கு மேலோ ஒலியாகும். ஆனால் கீழ்ச்சுரங்கள் அதில் வராது. 100 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 3.4 மீட்டர்; அதற்கு ஈடுகொடுக்கிற வாய் இருந்தால் குழாயை மரத்தில் கட்ட முடியாது. அதனால் இசை மெலிகிறது, ஆனால் சொல் பிழைக்கிறது. சொல்லை விளங்க வைக்கிற மெய்யெழுத்துகளின் கூர்மை 2,000லிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. குழாய்க்கு வசதியான இடம் அதுதான்.

படுகையின் நிலமும் குழாய்க்குச் சாதகம். மேடு கிடையாது, மலை கிடையாது. விடிவதற்கு முன் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேல்காற்று சற்றுச் சூடாகவும் இருப்பதால், ஒலி மேலே தப்பாமல் தரைநோக்கி வளைகிறது. மார்கழி விடியலில் அடுத்த ஊர்க் கோயில் பாட்டு வயல் தாண்டி வருவது இப்படித்தான். குழாயின் சத்தத்துக்கு அக்கிரகாரம் எது சேரி எது என்று தெரியாது.

கார் இந்த வரலாற்றில் நுழைவதும் குழாயோடுதான். அம்பாசிடர் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு குழாய். உள்ளே ஆம்ப்ளிபயர், மைக்கோடு ஒருவர். ‘வாக்காளப் பெருமக்களே’ என்கிற விளிப்பு, வரப்பில் நிற்கிற நடவாளையும் பெருமக்களில் ஒருவராக்கியது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கீழத்தஞ்சையில் சங்கம் கட்டியபோது, சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் பயந்து பேச்சடங்கிக் கிடந்த பண்ணையாட்கள் முதலில் பெற்றது கூலி உயர்வு மட்டுமல்ல, கூடிநின்று கோஷம் போடும் குரலும்தான். குழாய் அந்தக் குரலுக்குப் பிற்பாடு கிடைத்த நீட்சி. ஆக, காரின் ஆரம்ப ஒலியமைப்பு வெளியே பார்த்தது.

4

பிலிப்ஸ் கேசட்டை 1963இல் அறிமுகப்படுத்தியது. நம் ஊர்களில் அது எண்பதுகளில் பரவியபோது பேருந்துக்குள்ளும் டெக் வந்தது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகும் தனியார் பேருந்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. டிரைவர் பக்கத்திலேயே இன்ஜின். அதன் கீழ்ச்சுர உறுமல் பாட்டின் கீழ்ச்சுரத்தை விழுங்கிவிடும். அதனால் டிரைவர் ட்ரெபிளைத் திருகி ஏற்றுவார். கூரையில் பதித்த ஸ்பீக்கர் கீச்சிடும், ஆனாலும் வரி விளங்கும். ‘அந்த வண்டியில செட்டு நல்லா பாடும்ப்பா’ என்று ஒரு பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

சொந்தமாக டேப்ரிக்கார்டர் வாங்க முடியாத கூலிக்காரருக்கு, டிக்கெட் விலையில் தலைக்கு மேலேயே கிடைத்த சங்கீதம் அது. டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்த காலம். பாட்டுக்கு இரட்டைக் குவளை வைக்க முடியவில்லை. இதை ரொம்பவும் கொண்டாடிவிடவும் கூடாது. எந்தக் கேசட் என்பதை டிரைவர்தான் தீர்மானித்தார். சாதிப் பெருமைப் பாட்டு பேருந்தில் ஒலித்துத் தகராறான செய்திகள் தென்மாவட்டங்களிலிருந்து வந்திருக்கின்றன.

5

காரின் கண்ணாடி ஏறியபோது ஒலி உள்நோக்கித் திரும்பியது. இங்கே கணக்கு முக்கியம். கார் பேட்டரி 12 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து கிழியாமல் கிடைப்பது சாதாரண இணைப்பில் 4.5 வாட், ஸ்பீக்கரின் இரு முனையையும் எதிரெதிராக இயக்கினால் 18 வாட். அட்டைப் பெட்டியில் மட்டும் ‘50 வாட்’ என்று போட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது வருகிற 14.4 வோல்ட்டை அதனாலேயே பெருக்கி 4ஆல் வகுத்தால் சுமார் 52 வரும். அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்ட நிலையின் கணக்கு அது. அதாவது விளம்பரம் விற்பது பாட்டு முற்றிலும் கிழிந்த கட்டத்தின் வாட்டை. காதுக்கு இரண்டு மடங்கு உரப்பாகத் தோன்றவே பத்து மடங்கு சக்தி வேண்டும். எனவே, மின்னழுத்தத்தை உயர்த்தித் தருகிற தனி ஆம்ப்ளிபயர், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், கதவுத் தகரத்தின் ஓட்டைகளை அடைத்து அதிர்வை அடக்குகிற தார்ப்பட்டை, டிக்கியில் சப்வூஃபர் பெட்டி என்று செலவு நீள்கிறது. இத்தனையும் செய்தால் உரப்பும் தெளிவும் ஒன்றாகக் கிடைக்கும், உள்ளே இருக்கிற நான்கைந்து பேருக்கு மட்டும். கண்ணாடியும் தகரமும் மேல்சுரங்களைத் தடுத்துவிடும், கீழ்ச்சுரத்தைத் தடுக்க அவற்றால் ஆகாது. எனவே தெருவில் நிற்பவருக்குப் பாட்டு கிடையாது, ‘தம் தம்’ என்ற மிச்சம் மட்டும்தான்.

6

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்தன; இரவு 10லிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. இதை எளிதாக நிராகரிக்க முடியாது. 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒலி மாசு வழக்கின் பின்னணியில், வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமியின் அலறல் ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்காமல் போன கொடுமை இருந்தது. குழாய் குரல் கொடுக்கும், குரலை மூடவும் மூடும். சேரியில் படுத்திருக்கிற நோயாளிக்கும் தூக்கம் வேண்டும்.

கேள்வி அளவுகோலைப் பற்றியது. அந்த டெசிபல் ‘ஏ’ என்ற எடையிட்ட அளவு. மெல்லிய ஒலியில் கீழ்ச்சுரங்கள் காதுக்குக் குறைவாகவே கேட்கும் என்ற 1930களின் ஆய்வுகளிலிருந்து வந்தது அது. அதன்படி 50 ஹெர்ட்ஸ் ஒலி 30 டெசிபல் குறைத்து எண்ணப்படும். 1,000 ஹெர்ட்ஸ் அப்படியே எண்ணப்படும். குழாய் பேசுகிற இடத்தில் மீட்டரின் காது கூர்மை, சப்வூஃபர் இடிக்கிற இடத்தில் அது பாதிச் செவிடு. இதில் யாருடைய சதியும் இல்லை. ஆனால் நடுநிலையாகத் தெரிகிற கருவிக்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதுமில்லை. திருவிழா அனுமதிகளில் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை என்று தனியாக எழுதப்படுகிறது. டிக்கியில் இருக்கிற பெட்டிக்கு அனுமதி கேட்டு யாரும் காவல் நிலையத்தில் நிற்பதில்லை.

அமைதி வேண்டும் என்போரும் குரல் வேண்டும் என்போரும் எதிரிகள் என்பதாகவே இன்றைய விவாதம் நடக்கிறது. படுகையின் வரலாறு காட்டுவது வேறு. அமைதியும் தெளிவும் இடம் உள்ளவருக்கு: தோப்புவீட்டுக்கு, ஏசி காருக்கு. ஒண்டுக்குடித்தனத்துக்கு மிஞ்சியது அடுத்தவர் சத்தமும், தன் சத்தத்துக்கு வருகிற புகாரும். ‘நல்லா கேக்குதா?’ என்று மைக் செட்காரர் பந்தலைப் பார்த்துக் கேட்டார். கைதூக்கிப் பதில் சொல்லக் கடைசி வரிசையில் ஆள் இருந்தது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை.