நிபா

உவர்நீர்ச் சதுப்பிலும் ஆற்று முகத்துவாரத்திலும் வளரும் ஒருவகைப் பனைக்கு மலாய் மொழியில் ‘நிபா’ என்று பெயர். ‘சுங்கை’ என்றால் ஆறு. சுங்கை பட்டாணி, சுங்கை சிப்புட் என மலேசியத் தமிழர் நாவில் நாளும் புழங்கும் சொல். நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சுங்கை நிபா என்ற சிற்றூரின் நோயாளி ஒருவரிடமிருந்து 1999இல் பிரித்தெடுத்த வைரசுக்கு அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த ஊர் செய்த பிழை எதுவுமில்லை. நோய் தொடங்கியது வடக்கே, பேராக்கில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில். கொட்டிலையொட்டி மாமரங்கள், பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றிகள் தின்றன. நெருக்கி அடைத்த கொட்டிலில் தொற்று பரவி, பன்றிகளிடமிருந்து மனிதரையும் பற்றியது. விற்ற பன்றிகளோடு லாரி ஏறித் தெற்கே வந்தது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றெண்ணிக் கொசுவை ஒழிக்கப் போனதில் விலைமதிப்பற்ற மாதங்கள் போயின. மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். வௌவாலைப் பழிப்பது எளிது. பழத்தோட்டத்தையும் பெரும்பண்ணையையும் ஒரே இடத்தில் வைத்தது மனிதர்தான்.

நோய்க்கு ஊர்ப்பெயர் வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது 2015இல். சுங்கை நிபாவுக்கு அது காலங்கடந்த நியாயம்.

பெயரிலுள்ள பனைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. ஆனால் வங்கதேசத்தில் இதே வைரஸ் ஈச்சஞ்சாற்றின் வழியே பரவுகிறது: இரவில் வௌவால் நக்கிய சாற்றை விடியலில் பச்சையாகக் குடிக்கிறார்கள். சாறு வடியும் இடத்தை மூங்கில் தட்டியால் மறைத்தால் வௌவால் அண்டுவதில்லை.