நேட்டிவ் என்றொரு சொல்

சென்ற பருவத்தில் நம் மாணவர் ஒருவர் அமெரிக்க வரலாற்று நூலொன்றின் சில பக்கங்களைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். 1844ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் தீக்கிரையான செய்தி அவற்றில் இருந்தது. தீ வைத்தோரைப் 'பூர்வகுடி அமெரிக்கர்' என்று அவர் எழுதியிருந்தார். நாமும் படித்து, இரண்டு ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இரவில்தான் உறைத்தது. மூலத்தில் இருந்தது 'நேட்டிவ் அமெரிக்கன்' என்னும் தொடர். ஆனால் அன்று தேவாலயங்களைக் கொளுத்தியவர்கள் வெள்ளையரான புராட்டஸ்டண்டுகள். நிலமிழந்த ஒரு மக்கள்மீது அவர்கள் செய்யாத குற்றத்தை ஒற்றைச் சொல்லால் ஏற்றிவிட்டிருந்தோம்.

இச்சொல்லின் வேர் பிறத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினை. சூதறியாத வெள்ளை மனத்தினரைச் சுட்டும் 'நயீவ்' என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பே. பிறப்பு என்ற அளவில் பார்த்தால் இதில் ஏற்றமுமில்லை, இழிவுமில்லை. ஆனால் இடைக்கால இங்கிலாந்தின் சட்ட ஏடுகளில் 'நேட்டிவஸ்' என்றால் பிறவிப் பண்ணையடிமை என்று பொருள். அவன் ஓடிப்போனால் மீட்டுத் தருமாறு ஆண்டை அரசாணை பெறலாம். அவ்வாணையின் பெயரிலேயே இச்சொல் அமர்ந்திருந்தது. பட்டயம் பெற்ற நகரொன்றில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால் விடுதலை என்பது பல நகரங்களின் வழக்கம். பிறந்த மண்ணைவிட்டு நீங்கினால்தான் அவனுக்கு உய்வு. 1381ஆம் ஆண்டின் குடியானவர் எழுச்சியில் மக்கள் பண்ணை ஏடுகளைத் தேடித் தேடி எரித்தனர். கிழவேதியர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்த காட்சியை அறிந்த நமக்கு, அந்தச் சினம் அயலானதன்று.

அடிமைத்தளை அங்கே தேய்ந்து மறைந்தது, சொல் கப்பலேறியது. இந்தியாவில் அது ஆளப்படுவோரின் பொதுப்பெயராயிற்று. நேட்டிவ் காலாட்படை, நேட்டிவ் சமஸ்தானங்கள் என எங்கும் அதுவே. சொன்னவர் தொனியில் ஏளனம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் சென்னையில் தோற்றுவித்த சங்கத்தின் பெயர் 'மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்'. குனிந்து ஏற்றுக்கொண்ட பெயரன்று அது என்றே நாம் கருதுகிறோம். வரிக்கொடுமையைப் பற்றி அச்சங்கம் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தது. வரி வசூலில் சித்திரவதை நிகழ்ந்ததை 1855இல் அரசு ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. பின்னர் 1884இல் எழுந்த அமைப்பு 'மகாஜன சபை' என்று பெயரிட்டுக்கொண்டது. மறு ஆண்டே படைப்பிரிவுகளின் பெயர்களிலிருந்தும் 'நேட்டிவ்' நீக்கப்பட்டது. அச்சொல்லுக்கு நேரான வடசொல் 'சுதேசி'. 1906இல் வ.உ.சி. தொடங்கிய கப்பல் நிறுவனத்தின் பெயரில் அது எவ்வளவு நிமிர்ந்து நின்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே இச்சொல்லைத் தமக்குரிய பட்டமாகச் சூடிக்கொண்டவர்கள் குடியேறிகளின் பேரப்பிள்ளைகள். அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கத்தோலிக்கர்கள் வந்திறங்கியபோது, தாம் இங்கே பிறந்தவர்கள், வந்தவர்கள் அந்நியர் என்று அவர்கள் முழங்கினர். 1845இல் அவர்களுடைய கட்சி 'நேட்டிவ் அமெரிக்கன் கட்சி' என்றே பெயர் பூண்டது. அவ்வியக்கத்தின் வாரிசாக 1850களில் எழுந்த அமெரிக்கன் கட்சி, 1856ஆம் ஆண்டுத் தேர்தலில் முன்னாள் அதிபர் மில்லார்ட் ஃபில்மோரை நிறுத்தி, மேரிலாந்து என்னும் ஒரே மாநிலத்தை மட்டும் வென்றது. இவை நடப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1838-39இல், செரோக்கி மக்கள் தம் ஊர்களிலிருந்து மேற்கே துரத்தப்பட்டு வழியெங்கும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்களை யாரும் அன்று அமெரிக்கர் என்று அழைக்கவில்லை. குடியுரிமை அனைவருக்கும் கிட்டியதே 1924இல்தான். 'நேட்டிவ் அமெரிக்கன்' என்ற தொடர் அவர்களுக்குரிய பெயராகப் பரவலாய் நிலைபெற்றது 1960களுக்குப் பின்னரே. அப்போதும் அவர்களில் பலர் கொலம்பஸின் பிழையால் வந்த 'இந்தியர்' என்ற பெயரையே விரும்பினர். 2004இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தின் பெயரில் இருப்பதும் 'அமெரிக்க இந்தியர்' என்பதே.

ஆஸ்திரேலியாவிலும் இவ்வாறே. 1871இல் மெல்போர்னில் தோன்றிய 'ஆஸ்திரேலிய நேட்டிவ்ஸ் சங்கம்' அங்கே பிறந்த வெள்ளையர்களுடையது. பிற்காலத்தில் பிரதமரான ஆல்ஃபிரட் டீக்கின் அதன் உறுப்பினர். 1901இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்போ, மக்கள்தொகையைக் கணிக்கையில் அம்மண்ணின் ஆதிக்குடிகளைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றது. அவ்விதி 1967ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில்தான் நீங்கியது. தென்னாப்பிரிக்காவிலோ இதே சொல் கறுப்பின மக்களைக் குறித்தது. 1913ஆம் ஆண்டின் 'நேட்டிவ்ஸ்' நிலச்சட்டம் பெரும்பான்மையினரான அவர்களுக்கு ஒதுக்கியது நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஏழு விழுக்காடு.

இனி நம் ரயில் பெட்டிக்கு வருவோம். 'உங்களுக்கு நேட்டிவ் எது?' என்று எதிரிலிருப்பவர் கேட்கிறார். சென்னையில் பிறந்து வளர்ந்தவரும் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தயங்காமல் சொல்கிறார். தாம் பிறந்த ஊரன்று அது, தாத்தாவின் ஊர். பிறப்பைக் குறிக்கும் சொல் நம்மிடம் வந்து பிறப்பையே உதறிவிட்டது. இக்கேள்வி சில சமயம் சாதியை மோப்பம் பிடிக்கும் முயற்சி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் மாணவரை அழைத்துப் பிழையைச் சொன்னோம். அவர் 'பூர்வகுடி'யை அடித்துவிட்டு, 'இங்கேயே பிறந்த அமெரிக்கர்' என்று எழுதினார். எழுதிய பிறகு பேனாவை மூடாமலே, "செரோக்கிகளும் இங்கேயே பிறந்தவர்கள்தாமே ஐயா?" என்று கேட்டார். அடிக்குறிப்பு ஒன்று சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்.