நரம்பும் மின்விசையும்

தமிழில் நரம்பு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. உடலில் ஓடும் நரம்பு ஒன்று; யாழிற் கட்டிய தந்தி மற்றொன்று. யாழ்ப்பாணம் என்னும் பெயரே, கண்ணிழந்த யாழ்ப்பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலத்துக்கு வந்தது என்பது நம் முன்னோர் வழங்கிய ஐதிகம். யாழின் நரம்பை விரல் தொட்டால் ஓசை பிறக்கும். உடலின் நரம்பை எதனால் தொட்டால், செவிப்புலன் இழந்தவர்க்கு ஓசை பிறக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடியோரின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

நரம்பின் அமைப்பை மேனாட்டு முறைப்படி தமிழிற் கற்பித்த பெருமை நம் குடாநாட்டுக்கு உண்டு. 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். 1864ஆம் ஆண்டு தொடக்கம் தமிழையே போதனாமொழி ஆக்கினார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகல்வர். தமிழிற் கற்றவரோ ஊரிலே தங்கி ஊரவரின் நோய் தீர்ப்பர் என்பது அவர் கருத்து. கிரே என்பாரின் உடலமைப்பு நூல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயருடன் 1872ஆம் ஆண்டிலே தமிழில் வெளிவந்தது. கிறீன் ஊர் திரும்பிய பின்னும் அவர் மாணாக்கர் தொண்டு நின்றுவிடவில்லை. இச்செய்தியை நினைவில் வைத்திருங்கள். இறுதியில் இதற்கே மீண்டும் வருவேன்.

மின்விசையால் ஓசையை எழுப்பலாம் என்பதை முதலிற் கண்டவர்களுள் இத்தாலிய விஞ்ஞானி வோல்ற்றா ஒருவர். 1800ஆம் ஆண்டளவில், தாம் அமைத்த மின்கல அடுக்கின் இரு முனைகளையும் தம் இரு காதுகளிலும் செருகிப் பார்த்தார். தலையில் ஓர் அதிர்ச்சி தாக்கியது. பின்னர், ஏதோ கூழ் கொதிப்பது போன்ற ஒலி கேட்டது. அச்சோதனையை மறுபடி செய்ய அவர் பெரிதும் விரும்பவில்லை.

அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. 1957ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் யூர்னோ, ஏரியே என்னும் இருவர், இரு செவியும் கேளாத ஒருவரின் செவிநரம்பருகே ஒரு சிறு கம்பிச்சுருளைப் பதித்தனர். அவர் பேச்சின் தாளத்தை உணர்ந்தார். சில சொற்களையும் இனங்கண்டார். ஆயின் சில வாரங்களில் அக்கருவி பழுதுற்றது. மீண்டும் ஒன்று பதித்தனர், அதுவும் பழுதுற்றது. நரம்பு மின்விசைக்கு இணங்கிற்று. மனிதன் செய்த கருவியே உடலினுள் நிலைக்கவில்லை.

நிலையாமைக்குக் காரணம் யாது? உடலின் நீர் உப்புநீர். கடலோரத்து வீடுகளில் இரும்பு எவ்வாறு அரிபடும் என்பதைப் பருத்தித்துறையிலும் காரைநகரிலும் வாழ்வோர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய நீரினுள் மின்கருவி பல்லாண்டு இயங்கவேண்டும். ஆரம்பகாலத்துப் பிசின் உறைகளினூடே ஈரம் கசிந்தது. பின்னர் தைத்தேனியம் என்னும் உலோகத்தாலும் வெண்களியாலும் இறுக மூடிய உறைகள் வந்தன.

மின்விசையும் இருமுனைக் கத்தியே. அது ஒரே திசையில் இடையறாது பாயின், உலோகம் கரையும், நரம்பும் புண்படும். ஆதலால், ஒருமுறை செலுத்திய மின்னேற்றத்தை எதிர்த்திசையில் அதே அளவுக்கு உடனே மீட்டெடுக்கும் சிறு துடிப்புக்களாக அதனை அனுப்புகின்றனர். எளிதில் அரிபடாத பிளாற்றினமே மின்வாய்களுக்கு உரிய உலோகமாயிற்று.

தோல் மற்றோர் இடர். தோலைத் துளைத்துக் கம்பியை வெளிக்கொணரின், அத்துளையே கிருமி புகும் வாயில் ஆகும். இதற்குக் கண்ட வழி, நேயர்களே, நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியின் வழியே. வெளியே காதருகில் ஒரு சுருள்; தோலின்கீழ் ஒரு சுருள். கம்பியின்றியே செய்தியும் மின்வலுவும் உட்செல்லுகின்றன.

உட்செவி நத்தைபோற் சுருண்டது. அதனுள் மெல்லிய மின்வாய்க் கோவையைச் செலுத்துவது எங்ஙனம்? அவுஸ்திரேலிய வைத்தியர் கிறேம் கிளாக் கடற்கரையில் ஒரு சங்கையும் புல்லிதழையும் எடுத்தார். நுனி மென்மையாகவும் அடி வரவர வலிதாகவும் உள்ள புல், சங்கின் புரியைப் பற்றி உள்ளே நெடுந்தூரம் சென்றது. விடை கிடைத்தது. 1978ஆம் ஆண்டு மெல்பேண் நகரில் அவர் முதற் சத்திரசிகிச்சையைச் செய்தார். கிளாக்கின் தந்தையாரும் செவிப்புலன் குன்றியவரே. ஆயினும் செவிநரம்பில் ஏறத்தாழ 30,000 இழைகள் உள்ளன. கிளாக்கின் வழிவந்த கருவியில் மின்வாய்கள் 22 மாத்திரமே. எஞ்சியதை மூளையே பழகி நிரப்புகிறது. அப்பழக்கம் இளமையில் எளிது. ஆண்டுகள் செல்லச் செல்ல அரிது.

இனி, நம்மைத் தொடும் இடருக்கு வருவோம். அக்கருவியின் வெளிப்பகுதி மின்கலத்தால் இயங்குவது. மின்கலம் ஓய்ந்தால், குழந்தை அக்கணமே மௌனத்துள் அமிழும். 1990ஆம் ஆண்டின்பின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று; மின்கலமும் தடைப்பட்ட பொருளாயிற்று. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட நாள்களை உங்களிற் பலர் மறந்திரார். நானும் மிதியைச் சுற்றியவனே. கை ஓயும்போது செய்தியும் ஓய்ந்துவிடும். செவியே அத்தகைய கருவியை நம்பியிருந்தால் என்னாகும் என்று இன்றும் எண்ணுவதுண்டு.

இது போர்க்கால இடர் மாத்திரமன்று. ஆர்கஸ் என்னும் விழித்திரைக் கருவியை, உலகெங்கும் 350 பேருக்கு மேற்பட்டோர் கண்ணிற் பதித்திருந்தனர். 2019ஆம் ஆண்டளவில் அதனைச் செய்த நிறுவனம் அதன் உற்பத்தியைக் கைவிட்டது. பழுதுபார்ப்பாரும் இலர், உதிரிப்பாகமும் இல்லை என்னும் நிலையில், கண்ணினுள்ளே செயலற்ற கருவியுடன் அவர்களுட் சிலர் நின்றனர். உடலினுட் பதிக்கும் கருவி ஒருநாட் கொடையன்று. வாழ்நாள் முழுவதற்குமான வாக்குறுதி.

ஆதலால், ஒரு குழந்தைக்கு இக்கருவியைப் பொருத்த எண்ணும்போது சத்திரசிகிச்சைக்கான பணத்தை மாத்திரம் திரட்டினாற் போதாது. கருவியைச் சீர்செய்வோர் அருகில் உளரா? மின்கலம் தடையின்றிக் கிடைக்குமா? கேட்கத் தொடங்கிய குழந்தைக்குத் தமிழொலிகளை, ழகர ளகர வேறுபாடு உட்பட, பொறுமையோடு பழக்கும் ஆசிரியர் உளரா? இக்கருவி எல்லார்க்கும் ஏற்றதன்று என்பதையும் உணர வேண்டும். கைதடியிலுள்ள நவீல்ட் பாடசாலை போன்ற நிலையங்களின் பணி இதனாற் குறைந்துவிடாது. சைகைமொழியும் முழுமையான மொழியே.

கிறீன் வைத்தியர் கற்பித்த பாடம் இங்கேதான் பயன்படுகிறது. அவர் கொணர்ந்தது கத்தியையும் மருந்தையும் மாத்திரமன்று. அறிவை ஊரவரின் மொழியிலும் கையிலும் வேரூன்றச் செய்தார். ஆகவே அவர் சென்றபின்னும் அது நின்றது. கருவி அயல்நாட்டிலிருந்து வரலாம். அதனைப் பேணும் அறிவு நம் மண்ணிலே முளைக்க வேண்டும். யாழின் நரம்பும் கட்டியவன் கையோடு வாழ்வதில்லை. சுருதி சேர்க்கத் தெரிந்தவன் அருகில் இருக்கும்வரையே இசைக்கும்.